அடம்பன் கொடி திரண்டதா, திரிக்கப்பட்டதா?

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்பது எங்கள் பக்கத்துப் பழமொழி. கடற்கரை மணலிலே படர்ந்து கிடக்கும் அந்தக் கொடியைத் தனியாகப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். பல கொடிகள் ஒன்றாய்த் திரண்டுவிட்டாலோ இழுப்பவன்தான் களைத்துப் போவான். ஈழத்து அரசியல் மேடைகளிலே இந்தப் பழமொழியைச் சொல்லாத பேச்சாளர் அரிது. மன்னார்ப் பெருநிலப்பரப்பிலே, கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிய வயல்களின் நடுவே, அதே பெயரில் ஓர் ஊரும் இருக்கின்றது. இந்தக் கட்டுரை அந்த ஊரிலே தொடங்குகிறது. ஆனால் இதை எழுதத் தூண்டியவர் வெகு தொலைவில், சுவிற்சர்லாந்திலே வாழும் ஒரு வாசகர்.

வன்னியில் நடந்த ஆட்சேர்ப்பைப் பற்றி நான் முன்பு எழுதிய சில வரிகள் அவரைக் கோபப்படுத்திவிட்டன. "என் மகன் சுவிஸ் இராணுவத்தில் பயிற்சி முடித்து வந்திருக்கிறான். துப்பாக்கி எங்கள் வீட்டு அலுமாரியில்தான் இருக்கிறது. இங்கே அது குடிமகனின் கடமை. வீட்டுக்கு ஒருவர் என்று எம்மவர் கேட்டபோது மட்டும் அது கட்டாய ஆட்சேர்ப்பா? வெள்ளைக்காரன் செய்தால் மக்கள் படை, தமிழன் செய்தால் பிள்ளை பிடியா?" என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. கோபத்தோடு கேட்டார் என்பதற்காக அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆகவே விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

மக்கள் படை என்ற எண்ணம் மிகப் பழையது. பண்டைய ஏதென்ஸ் நகரத்தில் தன் செலவிலே கவசமும் ஈட்டியும் வாங்கிக்கொண்டு போருக்குச் சென்ற குடியானவனே, போர் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானித்த சபையிலும் கை உயர்த்தினான். போருக்கு வாக்களித்தவன் அந்தப் போரில் தானே சாகவும் ஆயத்தமாக இருந்தான். குடிமக்கள் படையின் உயிர்நாடி இதுதான்: முதலில் குடிமகன், அதன் பின்னரே படைவீரன். இந்த வரிசை மாறினால் பெயர் மட்டுமே மிஞ்சும். 1944 ஒக்டோபரில், தோல்வி நிச்சயமான வேளையில், பதினாறு வயது முதல் அறுபது வயது வரையான ஆண்களைத் திரட்டி ஹிட்லர் அமைத்த படைக்கும் 'மக்கள் படை' என்றே பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. பெயரைப் பார்த்து மயங்கக்கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எங்கள் தீவிலும் இந்தக் கதை பழையதே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கரையோரத்தை ஆண்ட காலத்தில் லஸ்கரின் என்று அழைக்கப்பட்ட உள்ளூர்ப் படையாட்கள் அவர்களுக்காகப் போரிட்டார்கள். காணியை அனுபவிப்பதற்கு ஈடாகச் செய்யவேண்டிய ஊழியம் அது. அரசனுக்குரிய அந்தக் கட்டாய ஊழியமாகிய இராஜகாரியத்தை 1832இல் பிரித்தானியர் சட்டப்படி ஒழித்தார்கள். ஒன்றரை நூற்றாண்டின் பின்னர் அது மூன்று வேறு பெயர்களில் எங்கள் கிராமங்களுக்குத் திரும்பி வந்தது.

முதலாவது, அரசாங்கத்தின் ஊர்காவற்படை. 1984 நவம்பர் இறுதியில் கென்ற், டொலர் பண்ணைகளில் குடியேற்றப்பட்டிருந்த சிங்களவர்கள் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னர் எல்லைக் கிராமத்தவர் கைகளில் வேட்டைத் துப்பாக்கிகள் கொடுக்கப்பட்டன. 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய துணைப்படைகளுக்குச் சட்ட உருவம் கொடுத்தது. அந்தக் கிராமத்தவர்களின் அச்சம் பொய்யானதன்று. இரவில் பிள்ளைகளோடு காட்டுக்குள் படுத்துறங்கியவர்கள் அவர்கள். ஆனால் கொழும்பு அவர்களுக்குக் கொடுத்தது பாதுகாப்பையல்ல. சொற்பப் பயிற்சியும் சொற்பச் சம்பளமும் ஒரு துப்பாக்கியும் கொடுத்து, இராணுவத்துக்கு முன்னால் அவர்களை வேலியாக நட்டது.

அந்த வேலி என்ன செய்தது? 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் கொன்றார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் மன்னார் உட்பட வட மாகாணம் முழுவதிலுமிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கிழக்கிலும் எல்லைப்புறங்களிலும் முஸ்லிம் ஊர்காவற்படையினரின் தொகை பெருகிற்று. 1992 ஏப்ரல் 29இல் பொலனறுவை மாவட்டத்து அழிஞ்சிப்பொத்தானையில் முஸ்லிம் கிராமத்தவர்களைப் புலிகள் வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். அன்றே, அயலிலிருந்த முத்துக்கல், கரபொல ஆகிய தமிழ்க் கிராமங்களுக்குள் ஊர்காவற்படையினர் புகுந்து பழிதீர்த்தார்கள். இறந்தவர்கள் இரு பக்கமும் ஏழை விவசாயிகள். ஒரே சந்தையில் காய்கறி விற்றவர்கள். இராணுவ வீரன் இடமாற்றம் பெற்றுத் தன் ஊருக்குப் போய்விடுவான். ஊர்காவற்படைக்காரன் நாளையும் பக்கத்து ஊரிலேயே இருப்பான். அயலவனுக்கு எதிராக அயலவனை ஆயுதபாணியாக்குவது மற்றெல்லாவற்றிலும் கொடியது என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, இந்திய அமைதிப் படைக் காலத்து ஏற்பாடு. வடக்கு கிழக்கு மாகாண சபைக்கென 'குடிமக்கள் தொண்டர் படை' என்று ஒன்று அமைக்கப்பட்டது. தமிழ் தேசிய இராணுவம் என்ற பெயரும் வந்தது. தொண்டர் என்பவர் தாமாக முன்வருபவர் என்றுதான் அகராதி சொல்கிறது. 1989இலோ பாடசாலைக்குப் போன பையன்களும் பஸ்ஸிலே போன இளைஞர்களும் பிடித்து ஏற்றப்பட்டார்கள். 'பிள்ளை பிடிகாரர்' என்று, குழந்தைகளை அச்சுறுத்துவதற்கு வழங்கிய சொல் அப்போதுதான் அரசியல் சொல்லாகிற்று. 1990 மார்ச்சில் இந்தியப் படை கப்பலேறியது. தலைவர்களும் கடல் கடந்தார்கள். தலைமயிர் ஒட்ட வெட்டப்பட்ட அந்தப் பையன்கள் புலிகளின் கையில் எஞ்சினார்கள். எத்தனை தாய்மார் அன்று பிள்ளைகளை இழந்தார்கள் என்பதைச் சொல்ல ஒரு நினைவுக்கல்லும் இல்லை. அவர்களுக்காக விளக்கேற்றுவாரும் இல்லை.

மூன்றாவதுதான் என் வாசகரைச் சுடுவது. அடம்பனுக்கு வருகிறேன்.

1986 ஒக்டோபர் 12ஆம் திகதி அடம்பனில் இராணுவத்தோடு நடந்த மோதலில் புலிகளின் மன்னார்த் தளபதி விக்டர் கொல்லப்பட்டார். பெண் போராளிகள் முதன்முதலாகக் களமிறங்கியதும் அந்தச் சமரிலேதான் என்பர். 1983 யூலையின் பின்னர், அவமானமும் ஆத்திரமும் உந்த, வீட்டில் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்ட தலைமுறை அது. அவர்களுடைய அரசியலோடு உடன்படாதவர்கூட அவர்கள் தாமாகப் போனார்கள் என்பதை மறுக்க முடியாது. அந்தக் கொடி அன்று திரண்டதுதான்.

ஆனால் 2008 மே 9இல் அடம்பனைக் கைப்பற்றியதாக இராணுவம் அறிவித்தபோது நிலைமை என்ன? கிராமியப்படை, எல்லைப்படை என்ற பெயர்களில் பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வழக்கம் முன்னரே இருந்தது. அதிலே விரும்பிச் சேர்ந்தோரும் உண்டு. 2006க்குப் பின் வீட்டுக்கு ஒருவர் என்பது வேண்டுகோளாக இருக்கவில்லை, கட்டளையாகிவிட்டது. மறைந்த பிள்ளைக்காகத் தகப்பனைப் பிடித்தார்கள். கல்யாணம் செய்தவர்களை விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள் பெற்றோர். மன்னாரிலிருந்து ஊர் ஊராக இடம்பெயர்ந்த சனம் கடைசியில் முல்லைத்தீவுக் கரையிலே ஒதுங்கிற்று. 2009 மார்ச்சில் வலைஞர்மடம் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த இளம் பிள்ளைகளை இயக்கத்தினர் பலவந்தமாக இழுத்துச் சென்றனர். இதை இராணுவப் பேச்சாளர் சொல்லவில்லை. அந்த இராணுவத்தின் எறிகணைகளையும் படுகொலைகளையும் விரிவாகப் பதிவு செய்த அதே ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015ஆம் ஆண்டு அறிக்கைதான் இதையும் பதிவு செய்தது. அந்த அறிக்கையின் ஒரு பாதியை மட்டும் ஜெனீவாவில் உயர்த்திப் பிடிக்க எங்களுக்கு உரிமை இல்லை.

புறநானூற்றுத் தாயைச் சிலர் துணைக்கு அழைப்பார்கள். தமையனையும் கணவனையும் போரில் இழந்தபின் ஒரே மகனையும் களத்துக்கு அனுப்பிய தாயை ஒக்கூர் மாசாத்தியார் பாடியிருக்கிறார். உண்மை. ஆனால் அந்தத் தாய் தானே அனுப்பினாள். மகனை ஏற்றிச் செல்ல அவள் முற்றத்துக்கு வாகனம் வரவில்லை. வன்னியில் வாகனத்தின் பின்னால் மண்ணில் விழுந்து புரண்ட தாயையும் அவளையும் ஒரே தட்டில் வைப்பது இருவருக்கும் செய்யும் அவமதிப்பு.

இனி, அன்பரே, சுவிற்சர்லாந்துக்கு வருவோம். அங்கேயும் ஆண்களுக்குச் சேவை கட்டாயம்தான். ஆனால் 1989 நவம்பரில் இராணுவமே வேண்டாம் என்ற யோசனையை அந்த நாடு மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டது. நூற்றுக்கு 35 பேருக்கு மேல் 'வேண்டாம்' என்று வாக்களித்தார்கள். அவர்களில் எவரும் துரோகி என்று சுடப்படவில்லை. 1996 முதல், மனச்சாட்சி இடந்தராதவர் துப்பாக்கியைத் தொடாமல் சிவில் சேவை செய்யலாம். 2013 செப்டெம்பர் 22இல் கட்டாய சேவையை நீக்குவதா என்று மீண்டும் வாக்கெடுப்பு. நூற்றுக்கு 73 பேர் அது தொடரட்டும் என்றார்கள். உங்கள் மகன் தூக்குகின்ற துப்பாக்கியின் பின்னால் ஒரு வாக்குச்சீட்டு இருக்கிறது. அடம்பன் விவசாயியின் பிள்ளைக்கு அந்தச் சீட்டை யார் கொடுத்தார்கள்? கொழும்பும் கொடுக்கவில்லை, டில்லியும் கொடுக்கவில்லை, கிளிநொச்சியும் கொடுக்கவில்லை.

ஆகவே எந்தப் படையையும் மக்கள் படை என்று அழைப்பதற்கு முன்னர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். 'மாட்டேன்' என்று சொன்னவன் உயிரோடும் மானத்தோடும் வாழ முடிந்ததா? அந்தத் துப்பாக்கி தவறாகச் சுட்டால் பதில் சொல்ல ஒரு நீதிமன்றம் இருந்ததா? அவன் இறந்தாலோ உயிரோடு திரும்பினாலோ அவனுடைய குடும்பத்துக்குப் பொறுப்பு யார்? மேலே சொன்ன மூன்றில் ஒன்றும் இந்தச் சோதனையில் தேறவில்லை.

இது எங்களுக்கு மட்டும் உரிய வியாதியன்று. சத்தீஸ்கரில் மாவோவாதிகளுக்கு எதிராகப் பழங்குடி இளைஞர்களை விசேட பொலிஸ் அதிகாரிகள் என்று பெயரிட்டு ஆயுதம் கொடுத்து நிறுத்தினார்கள். 2011 யூலை 5இல் இந்திய உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. போதிய கல்வியும் பயிற்சியும் இல்லாத ஏழைகளைச் சொற்பச் சம்பளத்துக்குச் சாவின் வாயில் நிறுத்துவது சமத்துவ உரிமையையும் உயிர்வாழும் உரிமையையும் மீறுவது என்றது நீதிமன்றம். அத்தகைய ஒரு தீர்ப்பு எங்கள் தீவின் ஊர்காவற்படையைப் பற்றி வந்ததில்லை.

மாறாக, 2006 செப்டெம்பரில் அது சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக விரிந்தது. போர் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும் கலைக்கப்படவில்லை. வன்னியிலே அதன் பண்ணைகளில் முன்னாள் போராளிகளும் போரில் நொந்த குடும்பங்களும் கூலிக்கு அமர்த்தப்பட்டார்கள். முன்பள்ளி ஆசிரியைகள்கூட அதன் சம்பளப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். 2018 யூனில் விசுவமடுவில், இடமாற்றம் பெற்ற ஒரு இராணுவக் கேணலை அந்தத் தொழிலாளர்கள் தோளில் சுமந்து கண்ணீரோடு வழியனுப்பிய படம் உலகெங்கும் பரவியது. "துரோகிகள்" என்றார்கள் புலம்பெயர் நாடுகளில் சிலர். "நல்லிணக்கம்" என்றார்கள் கொழும்பில் சிலர். இரண்டும் பிழை. வேலை கொடுக்க வேறு ஒருவரும் வராத இடத்தில், வேலை கொடுத்த மனிதன் போகிறானே என்று அழுத ஏழைகள் அவர்கள். விவசாயத் திணைக்களமும் கல்வித் திணைக்களமும் கொடுக்கவேண்டிய வேலையைப் பாதுகாப்பு அமைச்சு கொடுத்தது ஏன் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளின் கதையோ இன்னும் பரிதாபம். உயிர் தப்பியவர்களை அரசாங்கம் போராளிகள் என்று எண்ணிப் புனர்வாழ்வு முகாம்களில் அடைத்தது. விரும்பிச் சேர்ந்தவன், கடைசி வாரத்தில் இழுத்துச் செல்லப்பட்டவன் என்ற வேறுபாடு அங்கே எடுபடவில்லை. இறந்தவர்களை நாங்கள் மாவீரர் பட்டியலில் சேர்த்துவிட்டு எங்கள் மனச்சாட்சியைத் துடைத்துக்கொண்டோம். ஒரு பக்கம் பயங்கரவாதி, மறுபக்கம் மாவீரன். 'என் பிள்ளை இரண்டும் இல்லை, அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்' என்று சொல்லும் தாய்க்கு இரு பக்கத்திலும் இடமில்லை. அவளுடைய வாக்குமூலத்தை அவள் சொன்ன சொற்களிலேயே பதிவு செய்ய ஓர் ஏடு வேண்டும். அதைத் தமிழர்களாகிய நாங்களே தொடங்கவேண்டும். அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்க அந்தத் தாய்மாருக்கு வயது இடந்தராது.

பத்திரிகைக்காரர்களாகிய எங்கள் பங்கையும் சொல்லாமல் விடக்கூடாது. நாங்கள் 'இனந்தெரியாதோர்' என்று எழுதினோம். 'இணைத்துக்கொள்ளப்பட்டனர்' என்று எழுதினோம். யார் என்றும், எப்படி என்றும் தெரிந்துகொண்டே எழுதினோம். பாதி உயிர்ப்பயம், பாதி இனப்பற்று. உயிர்ப்பயத்துக்கு மன்னிப்பு உண்டு. மற்றதற்கு இல்லை.

அடம்பன் கொடி திரண்டால் மிடுக்குத்தான். அது கணுவுக்குக் கணு தானே வேர்விட்டுத் திரளும் கொடி. வேரோடு பிடுங்கி, காயவைத்து, பிறர் கையால் முறுக்கினால் அதன் பெயர் கயிறு. சுவிஸ் அன்பரே, உங்கள் வீட்டுக்கு அடுத்த வாக்குச்சீட்டு வரும்போது மகனை அருகில் இருத்தி, அடம்பனில் அவனுடைய வயதில் இருந்த பிள்ளைகளின் கதையைச் சொல்லுங்கள். அதன் பின் அவன் எப்படி வாக்களித்தாலும் எனக்குச் சம்மதம்.