பட்டை சேர்த்தால் போதுமா?

குட்டி யானை வாங்கிய மறுவாரமே நம்மில் பலர் பட்டறைக்குப் போய், பின்பக்க ஸ்பிரிங் கட்டில் இரண்டு பட்டை சேர்க்கிறார்கள். அப்படியே பக்கப் பலகையையும் ஓர் அடி உயர்த்திவிடுகிறார்கள். தக்காளி சீசனில் ஒரே நடையில் கூடுதல் பெட்டி ஏற்றலாம் என்பது கணக்கு. அந்தப் பணம் வீண் என்பது என் கருத்து.

பட்டை சேர்த்தால் வண்டி தாழாது, அவ்வளவுதான். பிரேக், ஆக்சில், டயர், வீல் பேரிங் எல்லாம் பழையவைதான். வண்டி தாழாததால் பாரம் மிஞ்சியதே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதைவிட முக்கியம், ஆண்டு முழுவதும் நாம் முழுப் பாரம் ஏற்றுவதில்லை. பாதிப் பாரத்தில் போகும்போது விறைத்த ஸ்பிரிங் வளைந்து கொடுக்காது. குழியில் விழும் அடி நேராகப் பெட்டிக்குள் இறங்கும். பழம் நசுங்கியிருக்கிறது என்று மண்டியில் விலையைக் குறைத்தால் வியாபாரியைத் திட்டுகிறோம்.

750 கிலோ ஏற்றும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு 14 கிலோ தக்காளி, காலிப் பெட்டி ஒன்றரைக் கிலோ என்றால் 48 பெட்டிதான். அதற்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. எத்தனை பெட்டி விற்று அதை ஈடுகட்டுவது?

பட்டைக்குத் தரும் பணத்தைத் தளத்துக்குச் செலவிடுங்கள். ரீப்பர் கட்டைகளை இரண்டு விரல் இடைவெளி விட்டு அடித்து, அடியில் பழைய லாரி டியூபை வெட்டி ஆணியடித்தால் ஒரு மணி நேர வேலை. அதிர்வு குறையும், வெயிலில் காய்ந்த தகரம் பெட்டியைச் சுடாது, அடியில் காற்றும் போகும். தார்ப்பாயைப் பழத்தின் மேல் படியவிடாமல் வளைத்த குழாய் மேல் போடுங்கள். சட்டத்தைக் கழற்றி எடுக்கும்படி செய்வது நல்லது. யூரியா, பொட்டாஷ் ஏற்றிய அன்றே தளத்தைக் கழுவிக் காயவிட வேண்டும். உரத்தின் உப்பு தகரத்தை அரிக்கும். தண்ணீர் வடியும் துளைகளில் மண் அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள்.

டயர் காற்றை ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். பள்ளத்தில் உள்ள தேய்மானக் கட்டி வரை தேய்ந்தால் மாற்றிவிடுங்கள். அதில் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். சக்கரம் கழற்றி மாட்டினால் 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி இறுக்கத் தவறாதீர்கள்.

டிராக்டர், பவர் டில்லர் பராமரிப்புக்கு முகாம் நடத்தும் வேளாண் பொறியியல் துறையினர் அதில் இதற்கும் அரை நாள் ஒதுக்கலாம். வரும் விவசாயிகளைக் கடைசி நடையின் எடைமேடைச் சீட்டையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் பேச்சைத் தொடங்கலாம்.