இடது காலும் ஒரு ரப்பர் வளையமும்

கார் ஓட்டுகிற சகோதரிகள் இப்போது நம்மிடையே ஏராளம். அவர்களிடம் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளக் கூடாது. சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போது உங்கள் இடது கால் எங்கே இருக்கிறது? கிளட்ச் பெடலின் மேல்தானே? எனக்கும் அப்படித்தான் இருந்தது, 2023-ஆம் வருஷம் ஜூன் மாதம் வரையில். அந்த மாதம் என் அக்காவைப் பார்க்க இங்கிலாந்திலுள்ள கவென்ட்ரி நகரத்துக்குப் போயிருந்தேன். போன இடத்தில் ஓர் எழுபத்தாறு வயது அம்மாள் என் காலை இறக்கிவைத்தார்.

அக்காவின் அடுத்த வீட்டு வாசலில் குங்குமச் சிவப்பில் ஒரு சின்னக் கார். கூரை கிடையாது, குனிந்துதான் உட்கார வேண்டும். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், மூன்றாம் மாடல், 1968-ல் செய்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் நமக்கென்ன சம்பந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஒரு கார் செய்தார்களே, நினைவிருக்கிறதா? அதன் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டின் சட்டத்தைக் கொஞ்சம் குட்டையாக்கி, இத்தாலியரான மிக்கலோட்டி வரைந்த உடம்பை மேலே பொருத்தித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். மூக்கோடு சேர்த்து முன்பக்கம் முழுவதும் கவிழ்ந்து திறக்கும். என் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் கிடந்த ஹெரால்டும் அப்படித்தான் திறக்கும். அதைப் பார்த்ததும் எனக்குப் பிறந்த வீட்டு மனுஷியைக் கண்டதுபோல் ஆகிவிட்டது.

வண்டிக்காரி அந்த அம்மாள் மட்டும் முகம் வாடி நின்றுகொண்டிருந்தார். கணவர் 2019-ல் காலமாகிவிட்டார். அன்றிலிருந்து வண்டி ஓடவில்லை. இப்போது எஞ்சின் கிளம்புகிறது. ஆனால் ரிவர்ஸ் கியரைத் தொட்டால், மிக்ஸியில் கல்லைப் போட்டதுபோல் ஓர் அலறல்! ஒரு பட்டறைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போய்விட்டது. இறக்கிப் பிரித்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்" என்று சொல்லி ஒரு தொகையையும் சொன்னாராம். வண்டியின் விலையில் பாதிக்கு மேல்! மகன் என்ன செய்வான், பாவம்? "விற்றுவிடலாம், அம்மா" என்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஆளை வரச் சொல்லிவிட்டான். விலை, கியர் கெட்ட வண்டிக்கு உண்டான விலைதான்.

அன்று வியாழக்கிழமை.

"எனக்கென்னவோ கியர்பாக்ஸ் மேல் சந்தேகமில்லை" என்றார் அந்த அம்மாள். "எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள்." போட்டேன். நான்கு கியரும், ரிவர்ஸும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தன. எஞ்சினை முடுக்கியதும் மறுபடி அலறல். "பல் உடைந்திருந்தால் எப்போதும் உடைந்துதானே இருக்கும்? எஞ்சின் ஓடும்போது மட்டும் ஏன் கத்த வேண்டும்?" என்று கேட்டார். எத்தனை நியாயமான கேள்வி!

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்து அழுத்தி, வலது கையைத் திருப்புங்கள். இடது கையும் கூடவே திரும்பும். பிடியைத் தளர்த்தினால் வலது கை மட்டும் சுற்றும். கிளட்ச் என்பது இவ்வளவுதான். எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீல் ஒரு கை. கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டில் மாட்டிய பிளேட் மற்றொரு கை. அழுத்திப் பிடிப்பது வில். நாம் பெடலை மிதித்தால் வில்லின் பிடி விலக வேண்டும். சரியாக விலகாவிட்டால், கியர்பாக்ஸுக்குள் பற்சக்கரங்கள் நிற்காமல் சுற்றிக்கொண்டேயிருக்கும். சுற்றுகிற சக்கரத்தில் நிற்கிற சக்கரத்தைக் கொண்டுபோய்ச் செருகினால் கத்தாமல் என்ன செய்யும்?

மேல் கியர்களுக்கு இதற்கென்று ஒரு பித்தளை வளையம் உண்டு. நகர்கிற பஸ்ஸில் தொற்றுகிறவன் கூடவே நாலடி ஓடிவிட்டு ஏறுகிறான் அல்லவா? அதுபோல இந்த வளையம் முதலில் உரசி, இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் சமமாக்கிவிட்டுப் பிறகு சேர்த்துவைக்கும். இந்த மாடலில் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் அந்த உபசாரம் கிடையாது. (முதல் கியருக்கு வளையம் வந்தது 1970-ல் வந்த நான்காம் மாடலில்தான்.) ஆகையால் கிளட்ச் துளி விலகாவிட்டாலும் முதலில் ஊரைக் கூட்டுவது ரிவர்ஸ்தான்.

அந்த அம்மாள் பக்கத்து ஸீட்டைக் கழற்றி வெளியே வைத்தார். நடுவிலே கியர்பாக்ஸை மூடியிருக்கும் உறையையும் எடுத்தார். இந்த வண்டியில் ஒரு செளகரியம்: கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டியதில்லை, உட்காரும் இடத்தின் வழியாகவே வெளியே தூக்கிவிடலாம். இதே காலத்து எம்.ஜி.பி. வண்டியில் கிளட்ச் பிளேட் மாற்ற எஞ்சினையே வெளியே எடுத்தாக வேண்டும்!

"1984-ல் நானும் அவருமாகத் தூக்கினோம்" என்று சொல்லிச் சிரித்தார். எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்தார்களாம். பின்தண்டின் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டுக் கணவர் பின்னால் இழுக்க, உடல் சின்னதாயிருந்த இவர் உள்ளே மடங்கி உட்கார்ந்து தூக்கினாராம். மாட்டும்போது மூன்று மணி நேரம் உள்ளே நுழைய மாட்டேனென்று அடம் பிடித்ததாம். காரணம், புது பிளேட்டை நடு மையத்தில் வைக்கவில்லை. தண்டு பிளேட்டைத் தாண்டி ஃபிளைவீலின் நடுவிலுள்ள புஷ்ஷில் போய் உட்கார வேண்டும். ஒரு நூல் விலகினாலும் போகாது. பழைய தண்டொன்றைச் செருகி மையம் பார்த்துவிட்டுத்தான் போல்ட்டை முறுக்க வேண்டும். "அன்று சாயங்காலம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை" என்றார். உள்ளே இருந்த கறுப்புத் தூளை வாயால் ஊதினார்களாம். அது கல்நார்த் தூள், நுரையீரலுக்கு எமன். பிரிட்டனில் 1999-ல் கல்நாரை அடியோடு தடை செய்தார்கள். பழைய கிளட்சைத் திறப்பவர்கள் இன்றும் ஊதக் கூடாது. ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும்.

என்னை டிரைவர் ஸீட்டில் உட்காரவைத்து, "மிதியுங்கள்" என்றார். டார்ச்சு விளக்கோடு உள்ளே எட்டிப் பார்த்தார். காலால் மிதிக்கிற பலம் கம்பி வழியாகப் போவதில்லை. எண்ணெய் வழியாகப் போகிறது. மேலே மாஸ்டர் சிலிண்டர், கீழே ஸ்லேவ் சிலிண்டர். கீழே இருப்பதன் கோல் ஏறக்குறைய அரை அங்குலமாவது நகர்ந்தால்தான் கிளட்ச் விலகும். "கால் அங்குலம்கூட இல்லை" என்றார். அதன் ரப்பர் தொப்பியை விரலால் விலக்கினார். உள்ளேயிருந்து பொல பொலவென்று எண்ணெய் கொட்டியது!

ஆக, குற்றவாளி கியர்பாக்ஸ் இல்லை. ஸ்லேவ் சிலிண்டருக்குள் இருக்கும் சுண்டுவிரல் மோதிரம்போன்ற ஒரு ரப்பர் வளையம். நாலு வருஷம் வண்டி நின்றதுதான் அதற்கு வினை. இந்த எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரிக்கும். அரித்த சுவர் ரப்பரைக் கிழிக்கும். வளையத்தை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். சிலிண்டரைக் கழற்றி, உள்ளே என் சுண்டுவிரலை விட்டுத் தடவச் சொன்னார். சொரசொரவென்றிருந்தது. "இதில் புது வளையம் போட்டால் ஒரு மாதம் வரும்" என்று சொல்லி, முழு சிலிண்டருக்கே சொல்லியனுப்பினார். பட்டறைக்காரர் கேட்ட தொகையில் அது கொசுறுக்குக்கூடக் காணாது.

சனிக்கிழமை சாமான் வந்தது. காற்றெடுக்கும் உத்தியோகம் எனக்கு. "மிதி" என்றால் மிதிக்க வேண்டும். அவர் கீழே திருகைத் திறப்பார்; குமிழியும் எண்ணெயுமாய்ப் புட்டியில் வழியும். அவர் மூடிவிட்டு "விடு" என்ற பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தேனோ, வெளிக்காற்று மறுபடி உள்ளே! இருமுறை முந்தி எடுத்தேன். இருமுறையும் பேசாமல் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அது முடிந்ததும் முன்மூடியைக் கவிழ்த்துவிட்டு, "இன்னும் ஒரு தடவை மிதியுங்கள்" என்றார். இப்போது அவர் பார்த்தது எஞ்சினுக்கு முன்னாலிருக்கும் பெல்ட் சக்கரத்தை. அங்கே என்ன வேலை?

நாம் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் எஞ்சினின் நடுத்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டையே முன்னால் தள்ளுகிறோம். அது நகராமல் தடுப்பவை பிறைச் சந்திரன்போன்ற அரைவட்ட வாஷர்கள். அந்நாளைய டிரையம்ஃப் எஞ்சினுக்கு இதுதான் பலவீனம். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே நின்றால் அவை தேய்ந்துகொண்டே வரும். ஒருநாள் கழன்று அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிடும். பிறகு தண்டு எஞ்சினின் இரும்பையே அரைக்கத் தொடங்கும். மிதிக்கும்போது பெல்ட் சக்கரம் கண்ணுக்குத் தெரிய முன்னால் வந்தால், வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டுமாம்.

"நகரவில்லை" என்று அவர் சொல்லி நிமிர்ந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. "கல்யாணமான புதிதில் நானும் காலை எடுக்க மாட்டேன். அவர் ஒவ்வொரு விளக்கிலும் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவார்" என்றார். இன்றைய வண்டிகளில் அந்த வாஷர் இவ்வளவு சீக்கிரம் விழாது; ஆனால் காலை எடுக்காதவர்களிடம் கிளட்சை விலக்கும் பேரிங் இன்றைக்கும் தேய்கிறது. அது தேய்ந்தால் மிதிக்கும்போது மட்டும் கிரீச்சென்று முனகும். மிதித்தால் நின்றுபோகிற முனகல் வேறு. அது கியர்பாக்ஸுக்குள்ளிருக்கும் பேரிங்கின் முனகல். பட்டறைக்குப் போகுமுன் இந்த இரண்டையும் காதால் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் வித்தியாசம் தெரியும்.

எஞ்சினை முடுக்கினார். ரிவர்ஸ் போட்டார். ஒரு சின்ன 'டக்'. அவ்வளவுதான். வண்டி வாசலைவிட்டுப் பின்னோக்கித் தெருவில் இறங்கியது. அக்கா ஜன்னல் வழியாகக் கை தட்டினாள்.

கடைத்தெரு வரை ஒரு சுற்று அழைத்துப் போனார். விளக்கில் நிற்கும்போதெல்லாம் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, இடது காலைத் தரையில் படிய வைத்துக்கொண்டார். நான் அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் சொன்னபடி வந்தார். மகனும் வந்திருந்தான். அந்த அம்மாள் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். வாசலில் வண்டியைக் காணோம். காலையிலேயே சாவியை என்னிடம் கொடுத்து, தெருக்கோடியில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லிவிட்டார்.