காருக்குக் கார், மேலே காசு

பழைய காரைக் கொடுத்து இன்னொரு பழைய காரை எடுத்து, வித்தியாசத்தைக் காசாகத் தீர்ப்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிய பழக்கமன்று. 1970 முதல் 1977 வரை நிலவிய கடும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளின்போது புதிய கார் வாங்குவதென்பது பலருக்குப் பகற்கனவாகவே இருந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடுக்கப்பட்டது. அப்போது ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற முதிய கார்களே சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அமுக்க விகிதம் குறைந்த அந்தப் பழைய இயந்திரங்களே மண்ணெண்ணெயைச் சகித்தன. 2002 இல் ஏ-9 வீதி திறந்த பின்னரே யப்பானியக் கார்கள் இங்கு பெருகின.

அண்மைக் கதை யாவரும் அறிந்ததே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளும் நாட்டிலிருந்த கார்களே கைமாறிக் கைமாறிச் சுற்றின. அந்தச் சுற்றில் மாற்று வியாபாரம் செழித்தது. அதை நான் குறை கூறவில்லை. அது நடைபெறும் முறையைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலாவது, கணக்கு. உங்கள் கார் சந்தையில் 40 இலட்சம் ரூபா பெறும், தரகரின் கார் 50 இலட்சம் பெறும் என்று வைத்துக்கொள்வோம். அவர் உங்கள் காருக்கு 45 இலட்சம் மதிப்பிடுகிறார். உங்கள் மனம் குளிர்ந்துவிடுகிறது. தமது காருக்கு 60 இலட்சம் என்கிறார். நீங்கள் 15 இலட்சம் எண்ணிக் கொடுக்கிறீர்கள். உண்மையான வித்தியாசம் 10 இலட்சமே. ஐந்து இலட்சம் கூடப் பெற்றதாக மகிழ்ந்தவர் ஐந்து இலட்சம் இழந்து வீடு திரும்புகிறார். தமது காரைப் புகழ்ந்தவரிடம் பேரம் பேச எவருக்கும் மனம் வருவதில்லை.

இரண்டாவது, சட்டம். எமது 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் பணத்தால் அமைந்த விலையையே விற்பனையின் அடையாளமாகக் கொள்கிறது. இங்கிலாந்தில் 1857 இல் காளைகளையும் வித்தியாசக் காசையும் கொடுத்து வாற்கோதுமை வாங்கிய ஒரு வழக்கில், இரு பக்கத்துக்கும் விலை குறிக்கப்பட்டிருந்தது. அதை நீதிமன்றம் விற்பனையாகவே நோக்கியது. ஆகவே இரண்டு கார்களின் விலையையும் தனித்தனியே எழுதிக் கையொப்பமிடுவது வீண் சடங்கன்று. பின்னர் பிணக்கு எழுந்தால் பேசப்போவது அந்தத் தாள்தான்.

மூன்றாவதே மிகப் பாரதூரமானது. பெயர் மாற்றாமல் கையொப்பம் மட்டுமிட்ட படிவங்களோடு காரை ஒப்படைக்கும் 'ஓப்பின் பேப்பர்' வழக்கத்தைச் சொல்கிறேன். பதிவுப் புத்தகத்தில் பெயர்கள் கூடினால் காரின் மதிப்புக் குறையும் என்பது தரகர் சொல்லும் நியாயம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் அந்த மதிப்பைக் காக்கும் சுமை ஏன் காரைக் கொடுத்தவர் தலையில் விழவேண்டும்? நானறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், காரை மாற்றிக் கொடுத்து ஒரு வருடம் கழிந்தபின், தாம் கண்டிராத ஊரில் நடந்த விபத்துக்காகப் பொலிஸ் நிலையத்தில் விளக்கமளிக்க நேர்ந்தது. வாகனத்தின் இலக்கம் ஒருவருடைய உயிரையே கேள்விக்குட்படுத்திய காலத்தைக் கடந்து வந்த மண் இது. நாமே இதில் அசட்டையாக இருப்பது எனக்கு விளங்கவில்லை.

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், உடைமை மாறியதை மோட்டார் போக்குவரத்து ஆணையாளருக்கு அறிவிக்கும் கடமையைப் பழைய உரிமையாளருக்கும் விதிக்கிறது. லீசிங் கடன் தீராத காரெனில், நிதி நிறுவனத்தின் சம்மதமின்றி அதை மாற்றிக் கொடுக்க உங்களுக்கு உரிமையே இல்லை.

காரை மாற்றுங்கள், காசும் வாங்குங்கள். ஆனால் திறப்பைக் கொடுக்கும் அன்றே உங்கள் பெயரையும் அந்தக் காரிலிருந்து இறக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.