கல் ஊருக்குச் சொந்தம். வரி யாருக்குச் சொந்தம்?



அரியலூரிலிருந்து கீழப்பழுவூருக்குச் செல்லும் சாலையில் ஒரு நாழிகை நின்று பாருங்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் கிளப்பும் வெண்புழுதி கொல்லையிலும் படியும். பள்ளிப் பிள்ளையின் சட்டையிலும் படியும். கல் சிமெண்டாகிறது, சிமெண்ட் எங்கோ மாளிகையாகிறது. தோண்டிய குழியும் பெயர்ந்த சாலையுமன்றோ ஊருக்கு மிச்சம்!

இக்கல்லுக்கு ஊரின் பெயரால் வரி கேட்ட காலமும் உண்டு. 1958-ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிச் சட்டம், நிலவரியில் ரூபாய்க்கு 45 காசு தல மேல்வரி விதித்தது. கனிமத்துக்குச் செலுத்தும் ராயல்டியும் நிலவரியில் சேரும் என்று 1964-இல் திருத்தம் வந்தது. சிமெண்ட் முதலாளிகள் வழக்காடினர். ராயல்டியே ஒரு வரி, அதன்மேல் வரி விதிக்க மாநிலத்துக்கு உரிமையில்லை என்று 1989 அக்டோபர் 25 அன்று உச்சநீதிமன்றம் தீர்த்தது. அன்று அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி மாவட்டத்து ஊர்கள். 2004-இல் வேறோர் அமர்வு, 'ராயல்டி ஒரு வரி' என்ற அச்சொற்றொடரே எழுத்துப் பிழை என்றது. வேடிக்கையைப் பார்த்தீர்களா! இறுதியாக 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகளுள் எண்மர், ராயல்டி வரியன்று, கனிம உரிமைக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்றனர். ஏறக்குறைய 35 ஆண்டுகள்!

மாநில உரிமை வென்றது, மகிழ்ந்தோம். அடுத்து வந்த கனிமவள நிலவரிச் சட்டம் 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்தபோது, சுண்ணாம்புக்கல் டன்னுக்கு 160 ரூபாய் என்றது. தில்லி 2014-இல் குறித்த ராயல்டியான 80 ரூபாயைப்போல் இருமடங்கு! ஆனால் பழைய மேல்வரி ஊராட்சிச் சட்டத்தில் பிறந்தது. புதிய வரியோ கோட்டைக் கருவூலத்துக்கென்று பிறந்தது.

இவ்விடத்தில் தில்லியைச் சாடித் தப்ப இயலாது. ஊராட்சி எவ்வரியை விதிக்கலாம், அரசு திரட்டும் எவ்வரியில் பங்கு பெறலாம் என்பதை மாநிலச் சட்டமன்றமே வகுக்கும் என்பது 1992-ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தம். மாவட்டக் கனிம அறக்கட்டளை 2015 முதல் உண்டே எனலாம். அதன் தலைமையில் அமர்பவர் ஆட்சியர். நாம் வாக்களித்த ஊராட்சித் தலைவர் அல்லர். தில்லி வாசலில் பங்கு கேட்கும் நாம், நம் வாசலில் பங்கு கேட்டு நிற்கும் ஊராட்சியை மனுதாரராக்கலாமா?

கிராம சபை கூடும்போது எழுந்து இரண்டு எண்களைக் கேளுங்கள். நம் எல்லையிலிருந்து சென்ற ஆண்டு எத்தனை டன் கல் போயிற்று? அதன் வரியில் எத்தனை ரூபாய் இவ்வூருக்குத் திரும்பிற்று? கருங்கல் குவாரி உள்ள பெரம்பலூர் ஊர்களிலும் கேளுங்கள். கோட்டையில் நம்மவரே அமர்ந்திருந்தாலும் கேளுங்கள்.