வெட்டுண்டது யார் பங்கு?

திரைப்படத்தில் எந்தப் பாத்திரம் எத்தனை நிமிடம் தோன்றுகிறது என்று எண்ணிப் பார்ப்பது வேலையற்றோர் வேலை என்று சொல்வோர் உண்டு. அதிலும், வானில் பறப்போரும் கட்டடங்களைத் தோளில் தாங்குவோருமாக நிறைந்திருக்கும் அமெரிக்க சூப்பர் ஹீரோ படங்களில் நிமிடக் கணக்கு எதற்கு என்று அவர்கள் நகைக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நகைக்க நாம் ஆயத்தமாக இல்லை. சொத்து நிறைந்த வீட்டில் எல்லாரும் தாராள மனத்தினரே. அது குறையும் நாளில்தான் யாருடைய பங்கில் முதலில் கை வைக்கப்படுகிறது என்பது தெரியவரும். திரைப்படத்துக்கு நேரமே சொத்து. அந்தச் சொத்து குறைந்தபோது வெட்டுண்டது யார் பங்கு என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டும் சான்று ஒன்று நம் கையில் இருக்கிறது.

2017 நவம்பரில் ‘ஜஸ்டிஸ் லீக்’ என்னும் படம் வெளிவந்தது. நீதிக்காகக் கூடிய சங்கம் என்று பொருள். அந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன், அக்வாமேன், ஃப்ளாஷ், சைபார்க் ஆகிய அறுவர் அதில் ஒன்று சேர்கிறார்கள். படத்தைத் தொடங்கிய இயக்குநர் சாக் ஸ்னைடர், மகளை இழந்த துயரத்தால் அவ்வாண்டு மே மாதம் பணியிலிருந்து விலகினார். ஜாஸ் வீடன் பொறுப்பேற்று, பல காட்சிகளை நீக்கி, பலவற்றைப் புதிதாக எடுத்துப் படத்தை முடித்தார். திரையரங்குக்கு வந்த படம் 120 நிமிடம். பின்னர், ரசிகர்கள் ஓயாது எழுப்பிய கோரிக்கையின் பயனாக, ஸ்னைடர் தாம் எண்ணியிருந்தபடி தொகுத்த படம் 2021 மார்ச்சில் எச்பிஓ மேக்ஸ் வழியே வெளியாயிற்று. அதன் நீளம் 242 நிமிடம். அதே கதை, அதே நடிகர்கள்; நீளமோ இரு மடங்கு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்குக் கத்தரிக்கோல் சென்ற பாதை நன்றாகவே தெரியும்.

அது எங்கே சென்றது? விக்டர் ஸ்டோன் என்னும் கறுப்பின இளைஞனே சைபார்க். நடித்தவர் ரே ஃபிஷர். நீண்ட படத்தில் இந்த இளைஞனுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் அவன் கல்லூரியின் நட்சத்திரம். ஆட்டத்தைக் காண விஞ்ஞானியான தந்தை வரவில்லை, தாய் வருகிறாள். பின்னர் நேரும் கார் விபத்தில் தாய் இறக்கிறாள். சிதைந்து கிடக்கும் மகனைத் தந்தை வேற்றுலகப் பெட்டி ஒன்றின் ஆற்றலால் பாதி இயந்திரமாக்கிப் பிழைக்க வைக்கிறார். பிழைக்க வைத்தவரை மகன் மன்னிக்க மறுக்கிறான். உலகின் வங்கிக் கணக்குகளுக்குள் எல்லாம் நுழையும் வல்லமை அவனுக்கு வாய்க்கிறது. அதைக் கொண்டு அவன் செய்வது என்ன? பிள்ளையோடு தனியே அல்லலுறும் உணவு விடுதிப் பணிப்பெண் ஒருத்தியின் கணக்கில் 1,00,000 டாலர் சேர்க்கிறான். கொடுத்தவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. வலக்கை ஈவதை இடக்கை அறியலாகாது என்று கேட்டு வளர்ந்த நம் வீடுகளில் இக்காட்சிக்கு விளக்கவுரை தேவையில்லை. முடிவில் தந்தை மகனின் கண்முன்னே உயிர்த்தியாகம் செய்கிறார். இறந்த பெற்றோரையும் ஊனமற்ற தன் பழைய உடலையும் காட்டி மாயம் அவனை அழைக்கும்போது, அவன் அதை உதறி எழுகிறான்.

குறுகிய படத்தில் இவற்றுள் எஞ்சியது எது? விபத்து நடந்ததைக் குறிக்கும் சில சொற்கள், தந்தையோடு சிறிது உரையாடல், அவ்வளவே. ஆட்டம் இல்லை, பணிப்பெண் இல்லை, தந்தையின் தியாகமும் இல்லை. போதாக்குறைக்கு, கார்ட்டூன் தொடர் ஒன்றில் பெயர்பெற்ற ஒரு கூச்சலை அவன் வாயில் வைத்தார்கள். அதைச் சொல்லத் தமக்கு விருப்பமிருக்கவில்லை என்று ஃபிஷர் பிற்பாடு கூறினார். துயரத்தைப் பறித்துக்கொண்டு கூச்சலைக் கொடுப்பது என்ன பண்டமாற்றோ!

அவன் ஒருவனோடும் நிற்கவில்லை. தாயாக நடித்த கேரன் பிரைசன், ஃப்ளாஷ் காப்பாற்றும் பெண்ணாக வந்த கியர்சி கிளெமன்ஸ் ஆகிய இரு கறுப்பின நடிகையரின் காட்சிகளும், ரயன் சோய் என்னும் விஞ்ஞானியாக நடித்த சீன நடிகர் செங் கையின் காட்சிகளும் அடியோடு நீக்கப்பட்டன. வில்லம் டஃபோ என்னும் வெள்ளைய நடிகரும் நீக்கப்பட்டாரே என்பர். மெய்தான். ஆனால் அதே பாத்திரமாக 2018இல் ‘அக்வாமேன்’ படத்தில் அவருக்கு விரிவான இடம் காத்திருந்தது. மற்றவர்கள் எல்லாருக்கும் அப்படி வாசல் திறந்திருந்ததா?

“படம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது நிறுவனத் தலைமையின் கட்டளை, எதையேனும் வெட்டித்தானே ஆகவேண்டும்?” என்று கேட்கிறார்கள். அப்படியானால் புதிதாகச் சேர்த்தவற்றுக்கு நேரம் எங்கிருந்து வந்தது? படத்தின் தொடக்கமே, சிறுவர்கள் கைப்பேசியில் சூப்பர்மேனைப் படம் பிடிக்கும் புதுக் காட்சி. அந்நடிகர் வேறொரு படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். அதைக் கணினியால் அழித்ததில் மேலுதடு விகாரமாகி ஊரே சிரித்தது தனிக்கதை. ரஷ்யக் குடும்பம் ஒன்று புதிதாக வந்தது. சூப்பர்மேனும் ஃப்ளாஷும் ஓட்டப்பந்தயம் வைத்துக்கொள்ள நேரம் இருந்தது. ஒரு தாய் தன் மகனின் ஆட்டத்தைக் காணத்தான் நேரம் இல்லை!

அடுத்த வாதம், “எல்லாவற்றையும் கதைதான் தீர்மானிக்கிறது” என்பது. 2020 ஜூலையில் ஃபிஷர், படப்பிடிப்பில் வீடனின் நடத்தை இழிவானது என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். நிறுவனம் விசாரணை நடத்தி, நடவடிக்கை எடுத்துவிட்டதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. என்ன நடவடிக்கை என்று சொல்லவில்லை. வீடன் குற்றச்சாட்டுகளை மறுத்தார். சைபார்க்கின் கதை பொருந்தி வரவில்லை, நடிப்பும் நன்றாயில்லை, அதனாலேயே குறைத்தேன் என்பது 2022இல் அவர் தந்த விளக்கம். பொருந்துகிறதா இல்லையா என்பதை இன்று நாமே பார்த்துச் சொல்லலாம். நீண்ட படத்துக்கு அந்த இளைஞனே முதுகெலும்பு.

கதை தீர்மானிக்கிறது என்போர், ‘அயர்ன் மேன் 3’ (2013) படத்தின் இயக்குநர் ஷேன் பிளாக் 2016இல் சொன்னதையும் கேட்கட்டும். அதன் வில்லன் முதலில் ஒரு பெண்ணாம். பெண் பாத்திரத்தின் பொம்மை விற்காது என்று மேலிடம் சொன்னதால் ஆணாக மாற்றினார்களாம். பொம்மைக் கடையின் கல்லாப்பெட்டி எழுதிய திருத்தத்துக்குக் ‘கதையின் தேவை’ என்று பெயரிடுவது கலையை அவமதிப்பதன்றி வேறென்ன?

எல்லாருக்கும் சரிசமமாக நிமிடம் அளந்து கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. கலையில் அப்படி அளக்க முடியாது. 2012இல் வந்த ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தை எடுத்தவரும் இதே வீடன்தான். ஜெர்மனியில் லோக்கி என்னும் கொடியவன் மக்கள் கூட்டத்தை மண்டியிடச் செய்கிறான். ஒரு முதியவர் மட்டும் எழுந்து நிற்கிறார். அவருக்குக் கிடைத்தது ஒரு நிமிடம்கூட இராது. பார்த்தவர் எவரும் அவரை மறப்பதில்லை. அதே படத்தில் பிளாக் விடோ என்னும் பெண் பாத்திரம் சுமார் 33 நிமிடம் தோன்றுவதாக ரசிகர்கள் கணக்கிட்டார்கள். இடியின் வேந்தன் தோருக்கும் அத்தனை இல்லை. அப்படியிருந்தும் தோர் 2011 முதல் தனிப்படங்களின் தலைவன். 2010இலேயே திரைக்கு வந்துவிட்ட பிளாக் விடோவுக்கோ தனிப்படம் 2021இல்தான் வந்தது. ஆகவே நிமிடத்தோடு இன்னொன்றையும் பார்க்கிறோம்: அந்த நேரத்தில் அந்த மனிதர் தமக்காக வாழ்கிறாரா, பிறர் கதைக்கு விறகாக எரிகிறாரா என்பதை.

விறகு என்றதும் யின்சென் நினைவுக்கு வருகிறார். 2008இல் வந்த முதல் ‘அயர்ன் மேன்’ படத்தில், ஆப்கானிஸ்தானத்துக் குகையில் சிறைப்பட்ட ஆயுத வியாபாரி டோனி ஸ்டார்க்கைக் காப்பாற்றுபவர் குல்மிரா என்னும் ஊரைச் சேர்ந்த இந்த அறிஞர். பல மொழிகள் கற்றவர், குடும்பத்தை இழந்தவர். அவர் தம் உயிரைக் கொடுத்துக் காலம் வாங்கித் தந்ததால்தான் அந்த வீரன் பிறக்கிறான். படத்தின் முற்பகுதியிலேயே அவர் முடிந்துபோகிறார். பிறகு அவருடைய ஊர் திரையில் வருகிறது. அங்கே அலறி ஓடும் மனிதர்களில் ஒருவருக்கேனும் பெயர் சொல்லப்படவில்லை. இந்தப் படங்கள் தமிழ் பேசிக்கொண்டே நம் வீட்டுக் கூடத்துக்கு வருகின்றன. தாடியும் தலைப்பாகையும் உள்ளவர் திரையில் தோன்றினால் ஒன்று சுடுவார், இன்றேல் சாவார் என்று நம் பிள்ளைகள் நம்மிடம் கேளாமலே கற்றுக்கொள்கிறார்கள். இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன் அவர்களைத் தனியே அமர்த்தும் பெற்றோரிடமும் நமக்கு வருத்தமுண்டு.

சைபார்க்கை நாயகனாகக் கொண்ட தனிப்படம் ஒன்று வரும் என்று 2014 அக்டோபரில் நிறுவனம் அறிவித்தது. வெளியாகும் நாளாகப் பின்னர் குறிக்கப்பட்டது 2020 ஏப்ரல் 3. அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. ‘தி ஃப்ளாஷ்’ படத்தில் அவனுக்கென இருந்த பகுதியும் 2021 ஜனவரியில் நீக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. 2023இல் அது வெளிவந்தபோது ரே ஃபிஷர் அதில் இல்லை.