டெஸ்க் டைரி: உடைந்தது... இல்லை, உடைத்தேன்!

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. போன மாதம் தமிழ் மாதத்தேர்வில் 38 வாங்கிக்கொண்டு வந்தாள். ‘வீட்டுல பத்திரிகைக்காரி ஒருத்தி இருந்தும் இந்த லட்சணமா?’ என்று அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பேப்பர் அவளுடையது, திட்டு எனக்கு!

விடைத்தாளைப் பார்த்தேன். செய்யுள், உரைநடை எல்லாம் ஓரளவு தேறிவிட்டது. அடி வாங்கியது இலக்கணத்தில்தான். தன்வினையைப் பிறவினையாக மாற்றுக, செயப்பாட்டுவினையாக எழுதுக, அணியைச் சுட்டுக... எல்லா இடத்திலும் சிவப்பு மை.

“சித்தி, இதெல்லாம் யாருக்கு யூஸ் ஆகும்? நீங்க ஆபீஸ்ல ‘இது பெயரெச்சம்’னு சொல்லிக்கிட்டா டைப் பண்றீங்க?”

நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னால், நானும் பத்தாம் வகுப்போடு அதையெல்லாம் மறந்தவள்தான். ஞாயிற்றுக்கிழமை வீக் ஆஃப். கைடை மூடி வைத்துவிட்டு, ஒரு குட்டிக் கதை எழுதி அவள் கையில் கொடுத்தேன். இதுதான் கதை:

*

ஆச்சி, வடுமாங்காய் ஊறப்போட்ட ஜாடியைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். யானைக்குட்டி போல வயிறு பெருத்த ஜாடி. செல்வி மெதுவாக மூடியைத் திறந்தாள். ஒரு வடுவை எடுத்து வாயில் போட்டாள். இன்னொன்றுக்காகக் கையை விட்டபோது ஜாடி சாய்ந்தது. உருண்டது. உடைந்தது. ‘இங்கே வந்து பாருங்கள்’ என்று ஊரைக் கூப்பிடப் போவதுபோல உப்புத்தண்ணீர் வாசலை நோக்கி ஓடியது.

ஆச்சி திரும்பி வந்தாள். “ஏட்டி, யாரு பார்த்த வேலை இது?”

“ஜாடி உடைஞ்சு போச்சு ஆச்சி.”

“அது எப்படித் தானா உடையும்?” ஆச்சியின் கோபத்தீ, உள்ளே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மலர் பக்கம் திரும்பியது. ஜாடியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது அவளிடம்தான். மலர் விளக்குமாற்றால் அடிக்கப்பட்டாள். செல்வி எதுவும் சொல்லவில்லை. வாயிலிருந்த வடு உப்புக் கரித்தது.

*

“அவ்ளோதானா?” என்றாள். அவ்வளவுதான். ஆனால் அவள் பேப்பரில் கோட்டைவிட்ட பாதி விஷயம் இதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் எச்சம். ‘எச்சம் என்றால் மிச்சம்’ என்று ஆரம்பித்தேன். ‘வயிறு பெருத்த’ என்று சொல்லி நிறுத்தினால் வாக்கியம் பசியோடு நிற்கிறது. ‘ஜாடி’ என்று ஒரு பெயரைப் போட்டால்தான் அடங்கும். பெயரைக் கேட்டால் பெயரெச்சம். ‘வைத்துவிட்டு’ என்று நிறுத்தினால்? ‘போனாள்’ என்று ஒரு வினை வேண்டும். வினையைக் கேட்டால் வினையெச்சம். ‘திறந்தாள்’ எதையும் கேட்காது. முடிந்துவிட்டது, அது வினைமுற்று. இரண்டே நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள்.

அணியும் அப்படித்தான். யானைக்குட்டி உவமை, ஜாடி உவமேயம், ‘போல’ உவம உருபு. ஆனால் ‘கோபத்தீ’யில் ‘போல’வைக் காணோமே? அங்கே கோபமே தீயாகிவிட்டது, உருவகம். எது முன்னால் நிற்கிறது என்று பார்த்தால் போதும். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், உவமை. முகமலர் என்று திருப்பிப் போட்டால் முகம்தான் மலர், உருவகம்.

உப்புத்தண்ணீர் வாசலுக்கு ஓடியது வாசல் பக்கம் பள்ளமாக இருந்ததால். அது ஊரைக் கூப்பிடத்தான் ஓடியது என்பது நான் ஏற்றிச் சொன்னது. தானாக நடப்பதன்மேல் எழுதுகிறவர் தன் குறிப்பை ஏற்றினால் தற்குறிப்பேற்றம். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைந்ததை, கோவலனையும் கண்ணகியையும் ‘வராதீர்கள்’ என்று தடுப்பதாக இளங்கோவடிகள் சொன்னாரே, அதே டெக்னிக்தான். (என் உப்புத்தண்ணீரை அவரோடு சேர்த்ததற்குத் தமிழாசிரியர்கள் மன்னிக்கவும்.)

இதுவரை ஜாலியாகப் போனது. ‘உடைந்தது’ வந்ததும்தான் ஆட்டம் மாறியது.

ஒரே ஒரு எழுத்து

“ஜாடி உடைந்தது. உடைந்தது யாரு? ஜாடி. எழுவாயே அந்தச் செயலுக்கு உள்ளாகுது, அதனால தன்வினை. இப்போ செல்வியைக் கொண்டுவா.”

“செல்வி ஜாடியை உடைத்தாள்.”

“அது பிறவினை. செல்வி உடையல. ஜாடியை உடையச் செஞ்சா.”

கொஞ்ச நேரம் இரண்டு சொல்லையும் நோட்டில் மேலும் கீழுமாக எழுதிப் பார்த்தாள். உடைந்தது. உடைத்தது. “சித்தி, ‘ந்’ போய் ‘த்’ வந்திருக்கு. அவ்ளோதானா வித்தியாசம்?”

அவ்வளவுதான்! திருந்தினான், திருத்தினான். கவிழ்ந்தது, கவிழ்த்தது. ‘ந்’ மட்டுமல்ல. நிரம்பியது, நிரப்பியது: ‘ம்’ போய் ‘ப்’. உருண்டது, உருட்டியது: ‘ண்’ போய் ‘ட்’. இறங்கினார், இறக்கினார்: ‘ங்’ போய் ‘க்’. மெல்லின எழுத்து இருந்தால் அது பாட்டுக்கு நடக்கிறது. அந்த இடத்தில் வல்லினம் வந்து உட்கார்ந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

எல்லா வினையும் இந்த வழிக்கு வராது. செய் என்பது செய்வி ஆகும், ஓடு என்பது ஓட்டு ஆகும், படி என்பதைப் ‘படிக்க வை’ என்றுதான் சொல்ல வேண்டும். “அப்போ ‘திறந்தாள்’லயும் ‘ந்’ இருக்கே?” என்று மடக்கினாள். இருக்கிறது. ஆனால் ‘திற’ ஒரு இரட்டை வேஷக்காரி. கதவு திறந்தது, அவள் கதவைத் திறந்தாள், இரண்டுக்கும் ஒரே முகம். எழுத்தை மட்டும் நம்பாமல், ‘யார் செய்தது, எது ஆனது’ என்று கேட்டுப் பார்க்கணும் என்றேன்.

“செல்வி வேணும்னுதான் ‘உடைஞ்சு போச்சு’ன்னு சொல்லியிருக்கா. பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல. செம பிராடு சித்தி அவ!”

நான் சிரிக்கவில்லை. அவள் விடுவதாகவும் இல்லை. “சரி, ‘மலர் அடிக்கப்பட்டாள்’ செயப்பாட்டுவினை. செய்வினையில ‘ஆச்சி மலரை அடித்தாள்’. கரெக்டா? ஆனா நீங்க ஏன் அங்க மட்டும் செயப்பாட்டுவினை போட்டீங்க? மத்ததெல்லாம் செய்வினைதானே?”

பாடத்துக்கு ஒரு உதாரணம் வேண்டும் என்றுதான் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது முழு உண்மை இல்லை. ஆச்சி இறந்து ஆறு வருடம் ஆகிறது. என்னை மடியில் போட்டு வளர்த்தவர். ‘ஆச்சி அடித்தாள்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆச்சியை வாக்கியத்திலிருந்து நைசாக வெளியே அனுப்பிவிட்டு, அடியை மட்டும் உள்ளே வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் அடுக்களையிலிருந்து கரண்டியோடு அக்கா வந்தாள். இவ்வளவு நேரம் காதைத் தீட்டிக்கொண்டுதான் சமைத்திருக்கிறாள்.

“ஏய், நில்லு. பிளஸ் டூ பரீட்சை நேரம். வடுமாங்கா ஜாடி. பூனை தள்ளிவிட்டிருக்கும்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன். நீயா?”

எனக்கு அப்போது ஆறு வயது என்றேன். எடுபடவில்லை. அந்த ஜாடியால் அவளுக்குப் பரீட்சை முடிந்ததும் போவதாக இருந்த ரஜினி படமும் ரத்தாகியிருக்கிறது. அது எனக்கு இப்போதுதான் தெரியும்.

“நான்தான் உடைச்சேன்க்கா.”

“பிறவினை!” என்றாள் மகள்.

அதே எழுத்து, என் டேபிளில்

இது இங்கேயே முடிந்திருந்தால் ஒரு வீட்டுக் காமெடியாக எழுதிவிட்டுப் போயிருப்பேன். நான்கு நாள் கழித்து எனக்கு ஈவினிங் ஷிஃப்ட். ஒரு மாவட்டத்திலிருந்து செய்தி வந்தது. நீங்களும் இதே வாக்கியத்தைப் பல முறை ஸ்க்ரோல் செய்து கடந்திருப்பீர்கள்.

‘கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி உயிரிழந்தனர்.’

நானே இதே வாக்கியத்தை எத்தனை முறை டைப் செய்திருக்கிறேன் என்று கணக்கில்லை. ‘கழிவுநீர்’ என்று அடித்தாலே மீதியை போன் எடுத்துக்கொடுக்கும் அளவுக்குப் பழக்கம். அன்றைக்கு ‘இறங்கிய’வில் கை நின்றுவிட்டது.

இறங்கிய. ‘ங்’. தன்வினை. அவர்களாகவே இறங்கினார்கள். அடுத்து ‘தாக்கி’. யார் தாக்கியது? வாயு. மூடிய தொட்டியில் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வாயுக்கள் தேங்கும். அளவு கூடினால் அந்த நாற்றத்தை உணரும் சக்தியே மரத்துப்போகும். ஆபத்து இருப்பது உள்ளே போனவருக்குத் தெரியாது. அந்த வாயுவுக்குத் தாக்கும் எண்ணமெல்லாம் கிடையாது, அது பாட்டுக்குக் கிடக்கிறது. நாம்தான் அதற்கு ஒரு எண்ணத்தை ஏற்றி அடியாளாக்கி வைத்திருக்கிறோம். என் கதையின் உப்புத்தண்ணீர் மாதிரியே தற்குறிப்பேற்றம்! கடைசியில் ‘உயிரிழந்தனர்’. அதற்கும் எழுவாய் இறந்தவர்கள்தான். மொத்த வாக்கியத்திலும் ஏதாவது செய்த மனிதர்கள் என்றால் செத்துப்போன அந்த இரண்டு பேர் மட்டும்தான்.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், ஒரு வினைமுற்று ஆறு விஷயங்களைத் தரும் என்கிறார். யார் செய்தார், எந்தக் கருவியால், எந்த இடத்தில், என்ன செயல், எப்போது, செய்யப்பட்ட பொருள் எது. டிப்ளமோ முதல் வாரத்தில் ‘ஒரு செய்தியில் இதெல்லாம் இருக்கணும்’ என்று எங்களுக்குப் போர்டில் எழுதிப்போட்ட பட்டியலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. நான் பப்ளிஷ் செய்யவிருந்த செய்தியில் முதல் கேள்விக்கே பதில் இல்லை.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. மனிதர்களே கழிவகற்றும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளும் முன்னேற்பாடுகளும் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒருவரை அமர்த்துவதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கு 2 ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். கழிவுநீர்ப் பாதையில் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டம் பிடிக்க நினைப்பது இறங்கியவரை அல்ல, இறக்கியவரை. சட்டத்துக்குத் தெரிந்த ‘க்’ என் செய்தியில் இல்லை.

ஷிஃப்ட் சீஃப் அண்ணாவிடம் போனேன். “அண்ணா, ‘இறக்கி’ன்னு மாத்தலாமா?”

“யாரு இறக்கினாங்க? பேரு இருக்கா? எஃப்.ஐ.ஆர் ஆயிடுச்சா? அவங்களே வேலை கேட்டு வந்து இறங்குனாங்கன்னு நாளைக்கு ஒருத்தர் நோட்டீஸ் அனுப்பினா என்ன பண்ணுவ?”

கடுப்பாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. ‘உடைத்தாள்’ என்று சொல்வதற்கு முன்னால் செல்விதான் உடைத்தாளா என்று தெரிந்திருக்க வேண்டும். விசாரிக்காமல் ‘த்’ போட்டதால்தானே மலர் அடி வாங்கினாள்?

செய்தியாளருக்கு போன் போட்டேன். மருத்துவமனை வாசலில் இருந்தார். இறந்தவர்களில் ஒருவருடைய தம்பியிடம் பேசிவிட்டுக் கூப்பிட்டார். காலையில் ஒருவர் போன் செய்து வேலைக்கு வரச்சொல்லியிருக்கிறார், அங்கே போனபிறகு தொட்டிக்குள் இறங்கச் சொல்லியிருக்கிறார்கள், கயிறு ஒன்றைத் தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை. சொன்னவர் யார் என்று போலீஸ் விசாரித்துக்கொண்டிருக்கிறது. ஸ்டேஷனிலும் அதை உறுதிப்படுத்தினார்கள்.

ஆக, ஆள் யார் என்று தெரியாது. ஆனால் ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரியும். பொதுவாக எனக்குச் செயப்பாட்டுவினை பிடிக்காது. ‘நடவடிக்கை எடுக்கப்படும்’, ‘ஆவன செய்யப்படும்’ என்று அறிக்கைகளில் ஒளிந்துகொள்ள வசதியான இடம் அது. ஆச்சியை நான் ஒளித்து வைத்ததும் அதற்குள்தான். ஆனால் அன்றைக்கு அந்தச் செய்திக்கு அதைவிட நேர்மையான வினை எனக்குக் கிடைக்கவில்லை. பெயர் தெரியாத ஒருவருக்காக ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு வைக்க அதனால் முடியும்.

‘கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்பட்ட இரண்டு தொழிலாளர்கள் மரணம்’ என்று தலைப்பை மாற்றினேன். இரண்டாவது வரியில் தம்பி சொன்னதைப் போட்டேன். அதற்குக் கீழே சட்டம்.

சீஃப் அண்ணா இரண்டு முறை படித்தார். “போன் ஸ்க்ரீன்ல மூணு வரி வருமே...” என்று இழுத்தார். பிறகு “சரி, போடு” என்றார்.

வீட்டுக்குப் போகும் ரயிலில், அந்த லிங்க்கை அக்கா மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து மணிக்கு மேல் போன் கிடையாது என்பது அக்கா வீட்டுச் சட்டம். 9.50க்குப் பதில் வந்தது.

“இறக்கப்பட்ட. செயப்பாட்டுவினை. பெயரெச்சமும்கூட. கரெக்டா?”

கரெக்ட் என்று ஒரு தம்ஸ் அப் போட்டேன். ‘டைப்பிங்’ என்று கொஞ்ச நேரம் காட்டியது.

“யாரு இறக்கினாங்கன்னு தெரிஞ்சதும் செய்வினையா மாத்திடுவீங்கல்ல சித்தி?”

மறுநாள் காலை செய்தியாளரைத் திரும்பக் கூப்பிட்டேன். இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது என்றார். வாரத்துக்கு ஒரு முறை கேட்கும்படி போனில் ரிமைண்டர் வைத்திருக்கிறேன்.