முன்சீப் எழுதிய புத்தகம் எங்கே?

எங்கள் பாட்டி நங்கநல்லூரில் ஏழு பிள்ளை பெற்றவள். தங்கியது நான்கு. போன மூன்றின் பெயரோ தேதியோ வீட்டில் யாருக்கும் தெரியாது. அன்றைய கிராம முன்சீப் தன் பிறப்பு, இறப்புப் பதிவேட்டில் ஆளுக்கு இரண்டு வரி எழுதியிருப்பார். அந்த வரிகளைத் தேடித்தான் இரண்டு வருஷமாக அலைகிறேன்.

ஓர் அலுவலகத்தில், "அந்தக் காலத்துல அது செங்கல்பட்டு சார், இங்க இருக்காது" என்றார்கள். அங்கே போனால், "உங்க ஏரியாதான் மெட்ராஸோட சேர்ந்துடுச்சே" என்றார்கள். இரண்டுமே உண்மைதான். செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை வட்டத்துக் கிராமமாக இருந்த ஊர் இது. பிறகு ஆலந்தூர் நகராட்சி. 1997-ல் மாவட்டம் பிரிந்தபோது காஞ்சிபுரத்தோடு போனோம். 2011-ல் மாநகராட்சிக்குள் வந்தோம், 12-வது மண்டலம். 2018-ல் ஆலந்தூர் வட்டமே சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது. இதற்கிடையில், 1980-ல் முன்சீப், கர்ணம் பதவிகளையே அரசு ஒழித்துவிட்டது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் எந்தப் புத்தகம் எந்த பீரோவுக்குப் போனது என்று காட்ட, நான் ஏறி இறங்கிய இடங்களில் ஒரு பட்டியல்கூட இல்லை.

மூன்றாவது இடத்தில் ஓர் எழுத்தர் பொறுமையாகவே கேட்டார்: "தேதி சொல்லுங்க, தேடிப் பார்க்கிறேன்." தேதி தெரிந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்? பெயர் வைக்கும் முன்பே போன குழந்தை ஏட்டில் வெறும் 'ஆண் குழந்தை'. பக்கத்தில் தகப்பன் பெயர் இருக்கும், அவ்வளவுதான்.

1860-ல் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன 342 பேரை நினைத்துப் பார்க்கிறேன். கூலிகளாகப் போனவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதி வைத்தார்கள். டர்பனில் இருக்கும் பேரன் பேத்திகள் அதை வைத்துத்தான் தங்கள் ஊரைத் தேடி வருகிறார்கள். மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனம் அங்கே போனவர்களின் ஆவணங்களைக் காத்து வருகிறது. கடல் கடந்தவனின் தழும்புக்கு ஏடு இருக்கிறது. ஊரிலேயே இருந்தவளின் பிள்ளைக்கு இல்லையென்றால் மனசு ஆறவில்லை.

இது பாசம் மட்டுமல்ல. வாரிசுச் சான்று கேட்கும்போது தாத்தாவின் இறப்புச் சான்றுக்கு அலைந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்ததும் 2002, 2005 பட்டியல்களில் அப்பா, அம்மா பெயரைத் தேடி எத்தனை பேர் தவித்தார்கள்! 1969-ம் வருஷப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவு, கட்டணம் கட்டி யாரும் பதிவேட்டில் தேடச் சொல்லலாம் என்கிறது. புத்தகம் இருக்குமிடமே தெரியாவிட்டால் அந்த உரிமையை எந்த ஜன்னலில் கேட்பது?

மாநகராட்சி, வருவாய்த் துறை, பதிவுத் துறை மூன்றும் ஒருமுறை சேர்ந்து உட்காரட்டும். நங்கநல்லூர், பழவந்தாங்கல், ஆதம்பாக்கம் என்று கிராமவாரியாக, எந்த வருஷத்து ஏடு எங்கே என்று எழுதி மண்டல அலுவலகத்தில் ஒட்டட்டும். கரையான் அரிப்பதற்குள் ஸ்கேன் செய்யட்டும். ஓலைச்சுவடிகளையே இணையத்தில் ஏற்றிய மாநிலத்துக்கு இது பெரிய வேலையில்லை. முக்கியமாக, தகப்பன் பெயரை வைத்துத் தேட வழி வேண்டும்.

அத்தைக்கு எண்பத்தொன்பது. ஒரு தம்பி ஐப்பசி அடைமழையில் போனான் என்பது மட்டும் அவளுக்கு நினைவிருக்கிறது. "பேர் கிடைச்சுதாடா?" என்று போன வாரமும் கேட்டாள்.